கடலுக்குப் போன கோயமுத்தூர் பஞ்சாயத்து!

"டூ ஸ்ட்ரோக் வாங்கலாமா, ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கலாமா... யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்!"

பீளமேட்டில், எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் இந்தக் கேள்வியைப் போட்டவர் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். போட்டதுதான் தாமதம்... டீ ஆறி ஆடை படியும் வரை ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுல என்னுங்க யோசனை? ஃபோர் ஸ்ட்ரோக்தான். மைலேஜுங்க!"

"மைலேஜ் வேணும்னா சைக்கிள் வாங்கு மாப்ளே. பிக்-அப்புன்னா டூ ஸ்ட்ரோக்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே ஒடம்பு சிலிர்க்கும்!"

"சிலிர்க்கும், சிலிர்க்கும்... மாசக் கடைசியில பெட்ரோல் பில்லைப் பாத்தா இன்னும் நல்லா சிலிர்க்கும்!"

கால் மணி நேரம் கழித்து, சண்டை கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில், அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: "பைக்குக்கு இல்லவே... படகுக்கு!"

கப்சிப்.

கோயமுத்தூர்க்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்? கல்யாணமான புதுசில் ஊட்டி ஏரியில் அடித்த ஒரு ரவுண்டு. அதிலும் பாதி நேரம் தண்ணீரைப் பார்க்காமல் வீட்டம்மாவைப் பார்த்திருப்பான். அவ்வளவுதான் நம் கடல் அனுபவம். ஆனாலும் அந்த மௌனம் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிய மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, காசு சேர்த்து அதையே வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டின ஜி.டி.நாயுடுவின் ஊர் இது. படகையே பார்க்காதவனும் இங்கே என்ஜின் பற்றிப் பேசத் தயங்க மாட்டான்!

அண்ணாச்சியின் பிரச்னை இதுதான். அவருடைய தங்கச்சி மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஃபைபர் படகு. பின்பலகையில் தொங்குகிற இரட்டை சிலிண்டர் மோட்டாருக்கு வயதாகிவிட்டது. பழைய டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிற ரகம். புகை தள்ளுகிறது. இழுவை குறைந்துவிட்டது. போன மாதம் கரையிலிருந்து வெகு தூரத்தில் நின்றுபோய், வேறொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார். வீட்டில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லையாம். புது மோட்டார் என்றால் லட்சக்கணக்கில் கடன். "தப்பான மோட்டாரை வாங்கிட்டா, மாப்பிள்ளை கடலுக்குப் போறது பேங்குக்காகத்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

எனக்கு இதில் சொந்த அக்கறை ஒன்று உண்டு. சோமனூரில் எங்கள் வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில், அப்பாவின் ஆர்.எக்ஸ். 100 பிஸ்டன் பிடித்துக் கிடக்கிறது. அதை எடுத்து ஓட்டுவதா, ஓரங்கட்டுவதா என்று மூன்று வருஷமாக எனக்கும் வீட்டுக்கும் வழக்கு நடக்கிறது!

நம்ம ஊரில் இந்த வழக்கு பதிவானது 1985-ல். அந்த ஒரே வருஷத்தில் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம், ஹீரோ ஹோண்டா சி.டி. 100-ம் ரோட்டுக்கு வந்தன. முன்னது டூ ஸ்ட்ரோக், பின்னது ஃபோர் ஸ்ட்ரோக். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் யமஹாவில் 50 மில்லிமீட்டர், ஹோண்டாவில் 49.5. வெறும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்! ஆனால் ஆர்.எக்ஸ். கொடுத்தது 11 குதிரை சக்தி. சி.டி. கொடுத்தது ஏழு, ஏழரை. லட்சுமி மில்ஸ் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆர்.எக்ஸ்.காரன் நவ இந்தியாவைத் தாண்டியிருப்பான், சி.டி.க்காரர் அப்போதுதான் இரண்டாவது கியருக்கு வருவார். அதே சி.டி.க்காரர் மாசம் முழுக்க மனைவியிடம் திட்டு வாங்காமல் ஆபீஸ் போய் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரே அளவு சிலிண்டரில் இது எப்படி? டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

டூ ஸ்ட்ரோக் என்பது காலை எட்டரை மணிக்குக் காந்திபுரம் வரும் டவுன் பஸ். இறங்குகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் ஏறுகிறவர்கள் முண்டியடிப்பார்கள். எரிந்த புகை வெளியேறுகிற துவாரமும், புதுப் பெட்ரோல் நுழைகிற துவாரமும் கொஞ்ச நேரம் ஒன்றாகவே திறந்து கிடக்கும். அந்தத் தள்ளுமுள்ளில் பின்வாசலில் ஏறின சில பேர், டிக்கெட்கூட எடுக்காமல் முன்வாசல் வழியாகக் கீழே வந்து விழுவார்கள். எரியாமலே சைலன்சர் வழியாகப் போகிற பெட்ரோல் அதுதான். பழைய கார்புரேட்டர் என்ஜின்களில் சில சமயம் மூன்றில் ஒரு பங்குவரைகூட இப்படிப் போய்விடும். ஆனால் பஸ் நிற்கவே நிற்காது. கிராங்க் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. அதுதான் அந்தப் பாய்ச்சல்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கண்டக்டர் கறார் பேர்வழி. ஏற்று, கதவைச் சாத்தி நெருக்கு, வெடிக்க வை, எல்லாரையும் இறக்கிவிடு... பிறகுதான் அடுத்த ஆள். ஒழுங்கு இருக்கிறது, பெட்ரோல் வீணாகவில்லை. ஆனால் இத்தனை சடங்குக்கும் கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். வால்வு, கேம், செயின் என்று கண்டக்டருக்கு உதவியாளர்கள் வேறு. டூ ஸ்ட்ரோக்கில் இந்தப் பரிவாரம் கிடையாது. பிஸ்டனே கதவு, பிஸ்டனே கண்டக்டர்! அதனால் எடை குறைவு. அரை மணி நேரத்தில் ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றி மேஜையில் வைத்துவிடலாம்.

இன்னொன்று, ஆயில். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனியாக அடியில் கிடந்து சுற்றி வரும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போகும், எரியும், பின்னால் வருகிறவர் முகத்தில் நீலப் புகையாக இறங்கும். அந்தக் காலத்தில் ஸ்பேர் பிளக், பிளக் ஸ்பேனர், எமரி பேப்பர் மூன்றும் இல்லாமல் டூ ஸ்ட்ரோக்காரன் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் கையெல்லாம் கரியோடு நின்ற மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். (அதில் ஒருவர் என் அப்பா!)

எங்கள் ஆர்.எக்ஸ். பிடித்துக்கொண்டதற்கும் இந்த ஆயில் சமாசாரம்தான் காரணம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. இறக்கம்தானே என்று ஆக்ஸிலேட்டரை மூடிக்கொண்டு வந்தேன். பெட்ரோல் நின்றால் அதோடு ஆயிலும் நின்றுபோகும் அல்லவா? சக்கரம் சுற்றுகிற வேகத்துக்கு என்ஜின் மட்டும் உள்ளே வறட்டுச் சுற்று சுற்றியிருக்கிறது. ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் 'கிரீச்' என்று ஒரு சத்தம். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. இடுப்பில் இருக்கிற தழும்பு அன்றைக்கு வாங்கினது. இறக்கத்தில் அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கி என்ஜினுக்கு ஆயில் குடிக்கக் கொடுக்க வேண்டும் என்று பிற்பாடுதான் சொன்னார்கள்.

நிற்க. அண்ணாச்சியை நானே கணபதியில் இருக்கிற மெக்கானிக் அண்ணனிடம் கூட்டிப் போனேன். அறுபது வயது. ஆர்.எக்ஸ்., ஷோகன், யெஸ்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார். கடலைப் பார்த்ததே இல்லை. (திருச்செந்தூருக்கு ஒரு தடவை போயிருக்கிறார். "கூட்டத்துல கடல் தெரியலைங்க!")

முதலில் என் வழக்கை எடுத்தார். "தம்பி, நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?"

சோமனூர் - பீளமேடு, போக வர ஐம்பது. மாசத்துக்கு 25 நாள். பழைய ஆர்.எக்ஸ். லிட்டருக்கு நாற்பது கொடுத்தாலே கையெடுத்துக் கும்பிடலாம். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் அறுபது கொடுக்கும். கணக்குப் போட்டார். மாசம் பத்து லிட்டருக்கு மேல் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஆயிரம் ரூபாய். லிட்டருக்கு 20 மில்லி வீதம் ஆயில், அது ஒரு இருநூறு. வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் ரூபாய்!

"வருஷா வருஷம் பதினஞ்சாயிரம் குடுத்துச் சத்தம் கேக்கறதுக்கு, உக்கடத்துல நாதஸ்வரக்காரரைப் புடிச்சு வாசல்ல உக்கார வெச்சுக்கலாம் தம்பி."

சரி, அப்பாவின் வண்டிக் கூட்டில் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினைத் தூக்கி வைத்துவிட்டால்? நான் கேட்டதும் அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி எப்படிச் செய்து ஆர்.சி.யில் எழுதியிருக்கிறதோ, அதை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதே ரகத்தில் வேறு என்ஜின் மாட்டினால்கூட ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியேறி ஆர்.சி.யில் பதிய வேண்டும். "வேற என்ஜின் வெச்சு விபத்து ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சுருவான். நமக்கெதுக்குங் அது?"

படகுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் சௌகரியமே அதுதான். பின்பலகையில் திருகைத் தளர்த்தினால் பழசு கையோடு வந்துவிடும், அதே இடத்தில் புதுசைத் தொங்கவிடலாம். இப்படி என்ஜின், கியர், விசிறி எல்லாம் ஒரே மூட்டையாகத் தொங்குகிற மோட்டாரை அமெரிக்காவில் பெரிய வியாபாரமாக்கியவர், நார்வேயிலிருந்து குடியேறின ஓலே எவின்ரூட் என்பவர். 1909-ல். அதற்குப் பிறகு பல வருஷம் உலகத்துப் படகு மோட்டார்களில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக்தான். கையால் தூக்கி மாட்ட வேண்டிய சாமான், கனம் குறைவாக இருக்க வேண்டாமா? 1964-ல் படகு மோட்டாருக்குள் கால் வைத்த ஹோண்டா மட்டும் ஆரம்பத்திலேயே ஃபோர் ஸ்ட்ரோக் என்று பிடிவாதம் பிடித்தது.

அப்புறம் நம்ம லட்சுமி மில்ஸ் சிக்னல் சண்டை அங்கேயும் வந்தது. ரோட்டில் போகிற புகை காற்றோடு போச்சு என்று விட்டுவிடலாம். படகு மோட்டாரின் புகைக்குழாய் தண்ணீருக்குள் அல்லவா இருக்கிறது? டிக்கெட் எடுக்காமல் இறங்கின பெட்ரோலும் ஆயிலும் நேரே தண்ணீரில் இறங்கி வானவில் கலரில் மிதக்கின்றன. அமெரிக்க அரசு 1996-ல் படகு மோட்டார் புகைக்கு விதிமுறை கொண்டுவந்தது. டாஹோ என்கிற பெரிய ஏரியில் 1999-லிருந்து பழைய மாதிரி கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்குக்கு அனுமதியே இல்லை. எவின்ரூட் கம்பெனி சும்மா இருக்கவில்லை. கதவு சாத்தின பிறகு பெட்ரோலை உள்ளே பீய்ச்சுகிற நல்ல டூ ஸ்ட்ரோக் ஒன்றைச் செய்து போராடிப் பார்த்தது. 2020-ல் அந்தக் கடையும் மூடியாகிவிட்டது.

இங்கே ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-லேயே நின்றது. 'மூட்டை தூக்கணும்னா டூ ஸ்ட்ரோக்தான்' என்று நம் பக்கத்து விவசாயிகள் சத்தியம் செய்த டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லும் 2015-ல் எக்ஸ்.எல். 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறி வந்தது. அதே தேங்காய் மூட்டை, அதே பால் கேன்... இன்றைக்கும் தூக்கிக்கொண்டுதான் போகிறது.

"அப்ப ஃபோர் ஸ்ட்ரோக்தானா?" என்றார் அண்ணாச்சி.

"இருங்க. அவசரப்படாதீங்" என்ற மெக்கானிக் அண்ணன் கேட்டாரே ஒரு கேள்வி! "ஓட்டி முடிச்சுட்டு மோட்டாரை என்ன பண்ணுவாங்க? தூக்கிட்டுப் போவாங்களா, அங்கயே கட்டி வெச்சுருவாங்களா?"

கடலையே பார்க்காத மனுஷன் கேட்கிற கேள்வியா இது! அண்ணாச்சி அசந்துபோனார். மணல் கரையில் படகை இழுத்து ஏற்றுகிற ஊர்களில், மோட்டாரைத் தினமும் கழற்றித் தோளில் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவாகக் கனம் கூடுதல். அதைக் கண்டபடி படுக்க வைக்கவும் கூடாது, அடியில் இருக்கிற ஆயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். எந்தப் பக்கம் படுக்கலாம் என்று கம்பெனிக்காரன் சொல்லியிருக்கிற பக்கம்தான். அலையில் படகு கவிழ்ந்து மோட்டார் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டாலும், உள்ளே சாமான் குறைவான டூ ஸ்ட்ரோக்கைப் பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, ஆயில் விட்டு உயிர் கொடுப்பது சுலபம்.

"எங்க மாப்பிள்ளை ஆத்து வாயிலதான் படகைக் கட்டிப் போடுதாரு. தூக்குத வேலை கெடையாது."

"எத்தனை நேரம் ஓடும்?"

"போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு இருபது லிட்டர் குடிக்கி. மானிய மண்ணெண்ணெய்க்கு அளவு இருக்கு. மிச்சத்த வெளிய வாங்குதாரு."

"அங்க பக்கத்துல ஃபோர் ஸ்ட்ரோக் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காங்களா? வால்வு செட்டிங் பண்ணத் தெரியோணும். சும்மா ஸ்பேனர் புடிக்கறவன் பத்தாது."

தூத்துக்குடி டவுனில் இருக்கிறார்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

மெக்கானிக் அண்ணன் பழைய கால்குலேட்டரைத் தட்டினார். ஃபோர் ஸ்ட்ரோக்கில் மூன்றில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம் என்று வைத்தால் நாளைக்கு ஆறு லிட்டருக்கு மேல். மாசம் இருபது நாள் போனால் 120 லிட்டர். மண்ணெண்ணெய் மலிவாகக் கிடைக்கிற நாளில் இந்த லாபம் சுருங்கும். வெளியில் வாங்குகிற நாளில் விரியும். மொத்தத்தில் கடன் தவணையில் ஒரு நல்ல பங்கைக் கடலே கட்டிவிடும். தினம் நாலு மணி நேரம் ஓடுகிற மோட்டாருக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்பதுதான் என் கட்சியும். எப்போதாவது அரை மணி நேரம் ஓடுகிற படகாக இருந்தால், போட்ட முதல் திரும்பி வருவதற்குள் பேரன் பிறந்துவிடுவான்!

"ஆனா ரெண்டு விஷயம் அவருகிட்டச் சொல்லிப் போடுங்க" என்றார். "ஒண்ணு, மண்ணெண்ணெய் ஆகாது. நம்ம தோட்டத்துல அந்தக் காலத்து மண்ணெண்ணெய் மோட்டார் பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மாத்தி விடற மாதிரி இதுலயும் பண்ணலாம்னு கையை வெச்சுரப் போறாரு. பெட்ரோலுக்குன்னு செஞ்ச ஃபோர் ஸ்ட்ரோக்குல அது ரிங் வழியா எறங்கி, அடியில இருக்கற ஆயிலைத் தண்ணியாக்கிரும். கிராங்க் போயிரும். ரெண்டாவது, நூறு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தியே ஆகோணும். தெனம் நாலு மணி நேரம்னா இருபத்தஞ்சு நடைதானுங். 'அடுத்த மாசம் பாத்துக்கலாம்'ங்கற ஆளா இருந்தா டூ ஸ்ட்ரோக்கே போதும், அது மறதிக்காரனையும் கொஞ்ச நாள் பொறுத்துக்கும்."

கடைசியாக ஒன்று சொன்னார். "பழசை வித்தராதீங்க. நம்ம வண்டி நின்னா அவிநாசி ரோட்டுல தள்ளிட்டு வந்தரலாம். அங்க எவன் தள்றது?"

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். புது ஃபோர் ஸ்ட்ரோக் கடனில் வந்தது. பழைய டூ ஸ்ட்ரோக்கைச் சரிசெய்து, ஆத்திர அவசரத்துக்குப் படகிலேயே ஓரமாக வைத்துக்கொள்வது என்று முடிவு. அங்கே போர் எடுக்கிறவர் நாள் தள்ளிக்கொண்டே போனதால், ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் பார்சலில் சாக்கு மூட்டை ஒன்று கோயமுத்தூருக்கு வந்து இறங்கியது. உள்ளே சிலிண்டர் பிளாக். கூடவே, ஊரறிந்த கருவாட்டு வாசனை. பார்சல் ஆபீஸ் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கையெழுத்து வாங்கினான்.

மெக்கானிக் அண்ணன் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பிஸ்டன் எங்கீங்?"

அனுப்பவில்லை!

"மாப்பிள்ளையோட அளவு இல்லாம சட்டை தைக்க முடியுங்களா? அரை மில்லி ஓவர்சைஸ் பிஸ்டன் ரெண்டும் கைக்கு வந்தாத்தான், அதை அளந்து போர் எடுக்க முடியும்."

நாலு நாள் கழித்து பிஸ்டன்கள் வந்தன. நம்ம ஊரில் லேத்து இல்லாத தெரு ஏது? பக்கத்துப் பட்டறையில் போர் எடுத்து, துவாரங்களின் விளிம்பை அவரே உட்கார்ந்து மழுங்கடித்தார். கூராக விட்டால் ரிங் மாட்டி உடையுமாம். அதே சூட்டோடு அப்பாவின் ஆர்.எக்ஸ். பிளாக்கையும் கொடுத்து போர் எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி வரை போய் டீ குடித்துவிட்டு வருவது என்ற நிபந்தனையில் வீட்டில் உத்தரவு கிடைத்திருக்கிறது. ஆபீஸுக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான்.

போன வாரம் அண்ணாச்சிக்கு மாப்பிள்ளையிடமிருந்து போன். பழைய மோட்டாரை மாட்டி ஓட்டிப் பார்க்கிறாராம். மெக்கானிக் அண்ணனுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நேரே கணபதிக்குப் போய் ஸ்பீக்கரில் போட்டோம். காற்றுச் சத்தம், அலைச் சத்தம், நடுவே தடதடவென்று அந்த டூ ஸ்ட்ரோக்.

மெக்கானிக் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "ஏனுங் மாப்பிள்ளை... பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாப் போவுது. அந்தச் சின்ன ஸ்க்ரூவை அரைச் சுத்துத் திருப்பிப் பாருங்" என்றார்.